ஈப்புலி வளர்ப்பு: ஒரு பூர்வாங்க ஆய்வு

சுவரில் ஓடும் குட்டிச் சிலந்தியைப் பிடித்து வளர்ப்பது எப்படி என்று நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். எல்லோரும் தலைகீழாக எழுதிவிட்டார்கள் என்பதே இவ்வாய்வின் துணிபு. சிலந்தி வளர்ப்பு என்று ஒரு துறையே கிடையாது. இருப்பது ஈ வளர்ப்புதான்; சிலந்தி அதற்கு வாய்த்த வாடிக்கையாளர்.

முதலில் ஆய்வுப் பொருள். வலையைக் கட்டிவிட்டு நடுவில் உட்கார்ந்திருக்கும் சோம்பேறிகளை இங்கே சேர்க்கவில்லை. (திருவானைக்காவில் லிங்கத்துக்கு மேலே வலைப்பந்தலிட்டு, மறுபிறவியில் கோச்செங்கட் சோழனாகப் பிறந்ததாகப் புராணம் சொல்லும் சிலந்தியும் அந்த வகைதான் என்பது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. ‘சோம்பேறி’ என்ற சொல் இத்துடன் திரும்பப் பெறப்படுகிறது.) வலை பின்னி இரை பிடிக்காமல், ஜன்னல் கட்டையில் நின்று திரும்பித் திரும்பிப் பார்த்து, பூனை மாதிரிப் பதுங்கிப் பாயுமே, அந்தத் தாவும் சிலந்திதான் நம் பொருள். கண்கள் எட்டு, முன்னிரண்டும் லாரி விளக்கு. அகராதியில் இதற்கு ஈப்புலி என்று பெயர். புலிக்கு முன்னால் ஈ நிற்பதைக் கவனிக்க வேண்டும். முன்னோர் எதையும் காரணமில்லாமல் வரிசைப்படுத்தவில்லை.

அடுத்து உறைவிடம். தமிழ்நாட்டுப் பிள்ளைகள் பொன்வண்டைக் கொடுக்காப்புளி இலையோடு தீப்பெட்டியில் போட்டு வளர்த்தார்கள். சிங்கப்பூர்க் கிராமத்துப் பையன்களும் சண்டைச் சிலந்திகளை இலையோடு தீப்பெட்டியில்தான் வைத்திருந்தார்கள். ஆனால் பொன்வண்டு இலையைத் தின்னும். சிலந்தி அதில் படுக்க மட்டுமே செய்யும். வளர்ப்பவரின் துயரம் இந்த இடத்தில் தொடங்குகிறது.

மற்றவை சுலபம். கண்ணாடி பாட்டில், மூடியில் குண்டூசித் துளைகள். தண்ணீரைக் கிண்ணத்தில் வைத்தால் குட்டி முழுகிப்போகும். பாட்டில் சுவரில் சில துளி தெளித்தால் போதும்.

சாப்பாடுதான் பெரும்பாடு. எள்ளளவு குட்டிக்கு வீட்டு ஈ ஒரு யானை. மட்டையில் பொரிந்த கொசுவை அது பெரும்பாலும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. அசைந்தால்தான் அதற்கு இரை. ஆகவே ஆய்வாளர் சமையலறையிலிருந்து கனிந்த பூவன்பழம் ஒன்றைக் கவர்ந்து இன்னொரு பாட்டிலில் போடுகிறார். பழ ஈக்கள் அழையாமலே வருகின்றன. ஒரு பெண் ஈ நூற்றுக்கணக்கில் முட்டையிடும். 25 டிகிரி வெப்பத்தில் பத்துப் பன்னிரண்டு நாளில் அடுத்த தலைமுறை பறக்கும். குட்டியோ நாளைக்கு ஒன்றிரண்டு தின்றாலே அதிகம். கணக்கு எங்கே போய் நிற்கும் என்று பள்ளிப் பிள்ளையும் சொல்லும்.

இது பூவன்பழத்தின் குற்றமென்று நினைப்பவர்கள் விண்வெளி வரலாற்றைப் பார்க்கலாம். 1973-இல் ஸ்கைலாப் விண்வெளி நிலையத்துக்கு அரபெல்லா, அனிதா என்று இரண்டு சிலந்திகள் போயின. அங்கே வீரர்கள் தங்கள் சாப்பாட்டு மாட்டிறைச்சியில் துணுக்கு கிள்ளிக் கொடுத்தார்கள். 2008-இல் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குச் சிலந்திகளை அனுப்பியபோது பழ ஈக்களையும் கூடவே அனுப்பினார்கள். ஈக்கள் அளவில்லாமல் பெருகின. ஒரு மாதத்துக்குள் புழுக்கள் கண்ணாடியையே மூடிவிட்டன. உள்ளே சிலந்தி என்ன செய்கிறது என்று தெரியவில்லை. ராக்கெட் விட்டவர்கள் கதியே இது.

ஓர் எச்சரிக்கை. திடீரென்று குட்டி சாப்பிட மறுக்கும். பட்டுக்கூடு பின்னி உள்ளே முடங்கும். சில நாள் கழித்துப் பார்த்தால் எட்டுக் காலோடு ஒரு வெற்றுடல் கிடக்கும். வீட்டில் துக்கம் அனுசரிக்கத் தேவையில்லை. அது உரித்துப் போட்ட சட்டை. உடையவர் சற்றே வளர்ந்து அருகில் எங்காவது இருப்பார். முன்பு இழந்த கால் இருந்தால் அதுவும் சிறிதாக முளைத்திருக்கக்கூடும். சட்டை உரிக்கும் நாட்களில் ஈயை உள்ளே விடக்கூடாது. மென்தோலோடு கிடப்பவரை அது தொந்தரவு செய்யும்.

வளர்ந்த சிலந்தியைப் பிடித்த ஜன்னலிலேயே திரும்ப விட்டுவிடுவது நல்லது. ஆய்வாளரும் அப்படியே செய்தார். பூவன்பழ பாட்டில் மட்டும் இன்னும் அலமாரியில் இருக்கிறது. அதில் இப்போது நான்காவது தலைமுறை.