ரெஃபரன்ஸ் கார்டுகள் இருந்த காலம்

எண்பதுகளில் டெல்லியில் ஆராய்ச்சி மாணவர்களாக இருந்த எங்களை, ஒரு கட்டுரையில் அதிகம் வேலை வாங்கியவை அதன் கடைசி இரண்டு பக்கங்கள்தான். சோதனை முடிந்து, வரைபடங்களை இந்தியன் இங்க்கில் வரைந்து, கைடு சிவப்பு மையில் திருத்திக் கொடுத்த பிறகும் ரெஃபரன்ஸ் பட்டியல் பாக்கி நிற்கும். அதற்காகவே மூன்றுக்கு ஐந்து அங்குல கார்டுகளை ஆளுக்கொரு செருப்புப் பெட்டியில் அடுக்கி வைத்திருப்போம்.

ஒரு கார்டு எழுதுவதற்கு அன்சாரி நகர் தேசிய மருத்துவ நூலகத்துக்குப் போய், மருத்துவக் கட்டுரைகளின் அட்டவணையான இண்டெக்ஸ் மெடிக்கஸின் தடித்த தொகுதிகளை ஆண்டுவாரியாகப் புரட்ட வேண்டும். பொடி எழுத்தில் தலைப்பு கிடைக்கும். பிறகு அந்த ஜர்னலின் பைண்டு செய்த தொகுதியை அலமாரியில் தேட வேண்டும். அங்கே இல்லையென்றால் இன்ஸ்டாக் என்ற ஆவண மையத்துக்கு எழுதிப் போட்டு ஜெராக்ஸ் வரும்வரை காத்திருக்க வேண்டும். வந்ததும் உட்கார்ந்து படிப்போம். கார்டின் முன்பக்கத்தில் பெயர், இனிஷியல், தலைப்பு, ஜர்னல், ஆண்டு, தொகுதி, முதல் பக்கம், கடைசிப் பக்கம். பின்பக்கத்தில் பென்சிலில் சில வரிகள்: என்ன செய்தார்கள், எத்தனை எலிகள், எந்த முடிவு நம் முடிவோடு ஒத்துப்போகவில்லை. என் ஆராய்ச்சிப் படிப்பு முழுவதும் அந்தப் பின்பக்கங்களில்தான் இருந்தது.

இன்ஸ்டாக்கைப் பற்றி இன்றைய மாணவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. இந்திய தேசிய அறிவியல் ஆவண மையம் 1952-ல் யுனெஸ்கோ உதவியோடு டெல்லியில், தேசிய இயற்பியல் ஆய்வக வளாகத்தில் தொடங்கியது. அந்த ஆய்வகத்தின் முதல் இயக்குநர் வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன். ராமனோடு சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை 1928-ல் நேச்சரின் 121-ஆம் தொகுதி, 501-ஆம் பக்கத்தில் வந்தது. மையம் தொடங்கிய காலத்தில் டெல்லிப் பல்கலைக்கழகத்தில் நூலகவியல் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தவர் சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன். ஒரு ஆய்வாளருக்கு வேண்டிய கட்டுரை அவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகவே உழைத்தவர். அந்த மையம் 2002-ல் நிஸ்கேர் ஆனது, 2021-ல் இன்னொரு நிறுவனத்தோடு இணைந்து மறுபடி பெயர் மாறியது. அங்கிருந்து வந்த மங்கலான ஜெராக்ஸ்களால்தான் நாடெங்கும் பலருக்கு தீசிஸ் முடிந்தது.

கார்டுகள் சேர்ந்தபின் டைப் அடிக்கக் கரோல் பாக் போவோம். பகலில் மத்திய அரசு அலுவலகத்தில் வேலை, மாலையில் வீட்டில் தீசிஸ் டைப்பிங் என்று இருந்த கும்பகோணத்து மாமா ஒருவர் எங்கள் எல்லாருக்கும் அடித்துக் கொடுத்தார். டைப்ரைட்டரில் சாய்வெழுத்து கிடையாது. அடிக்கோடு போட்டால் அச்சுக்கூடத்தில் அதைச் சாய்வாகக் கோர்ப்பார்கள். ரிவியூவர் ஒரு புதுக் கட்டுரையைச் சேர்க்கச் சொல்லிவிட்டால் மாமாவிடம் போகவே தயக்கமாக இருக்கும். “ஏன் தம்பி, நாலாம் நம்பர்ல ஒண்ண நுழைச்சா, அஞ்சுலேருந்து அறுபது வரைக்கும் யார் மாத்தறது? உள்ளே எங்கெங்கே நம்பர் வருதுன்னு பென்சில்ல சுழிச்சுக் கொண்டா” என்பார். சுழிப்பதற்காக முழுக் கட்டுரையையும் மறுபடி படிப்போம். அப்போதுதான் தெரியும், பதினேழாவது ரெஃபரன்ஸ் நாம் சொல்லும் விஷயத்துக்குச் சான்றே இல்லை என்று.

ஜர்னலுக்கு ஜர்னல் ரெஃபரன்ஸ் எழுதும் நடை வேறு. நம்மூர்க் கட்டுரை ஒன்றையே எடுத்துக்கொள்ளலாம். ஜி.என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் சென்னையிலிருந்து ஜர்னல் ஆஃப் மாலிக்குலர் பயாலஜியில் எழுதியது: 1963, தொகுதி 7, பக்கம் 95 முதல் 99 வரை. ஒரு ஜர்னல் ஆண்டை அடைப்புக்குறிக்குள் கேட்கும், இன்னொன்று தொகுதி எண்ணைத் தடித்த எழுத்தில் கேட்கும், வேறொன்றுக்குக் கடைசிப் பக்கத்தை வெறும் 9 என்று சுருக்க வேண்டும். இந்தத் தொல்லையைக் குறைக்கத்தான் மருத்துவ ஜர்னல் ஆசிரியர்கள் 1978-ல் கனடாவின் வான்கூவரில் கூடிப் பொது நடை ஒன்றைப் பேசினார்கள். அது பரவிய பிறகும் ஆளுக்கொரு விதி இருக்கத்தான் செய்தது.

இப்போது ஜோடெரோ என்ற ரெஃபரன்ஸ் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. 2006-ல் வந்தது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட நடைகள் தயாராக இருக்கின்றன, ஒரு கிளிக்கில் பட்டியல் உருமாறுகிறது. நான்காவது இடத்தில் ஒன்றை நுழைத்தால் மீதி எண்கள் தாமாக நகர்கின்றன. திரும்பப் பெறப்பட்ட கட்டுரையைச் சேர்த்தால் எச்சரிக்கவும் செய்கிறது. முதலில் அனுப்பும்போது எந்த நடையில் இருந்தாலும் போதும் என்று பல பெரிய பதிப்பகங்களே சொல்லிவிட்டன. மாமா காலத்தில் இது இருந்திருந்தால் அவர் மாலை நேரங்கள் அவருக்கே மிஞ்சியிருக்கும். இந்த வசதியை நான் மனமார வரவேற்கிறேன்.

ஆனால் நம் பெயர்கள் இந்தப் பட்டியல்களில் படும் பாட்டையும் சொல்ல வேண்டும். நம் இனிஷியல் ஊரையும் அப்பாவையும் குறிப்பது. கட்டுரை அனுப்பும் படிவம் கடைசிப் பெயர் கேட்கிறதே என்று அப்பா பெயரை அங்கே நிரப்பும் பெண்ணின் கட்டுரைகள் அப்பா பெயரில் ஏறிவிடுகின்றன. அடுத்த கட்டுரையில் வேறு மாதிரி நிரப்பினால் அவர் இரண்டு ஆளாகிவிடுகிறார். ஆராய்ச்சிக்கு வரும் பிள்ளைகள் முதல் கட்டுரைக்கு முன்பே ஒரே வடிவத்தை முடிவு செய்து, ஆய்வாளரை அடையாளம் காட்டும் ஆர்சிட் எண்ணும் வாங்கிவிடுவது நல்லது.

இதைவிட எனக்குக் கவலை தருவது படிக்காமல் சேர்ப்பது. சிம்கின், ராய்சௌத்ரி என்ற இருவர் 2003-ல் ஒரு புகழ்பெற்ற இயற்பியல் கட்டுரையை மேற்கோள் காட்டிய சுமார் 4,300 பட்டியல்களை ஆராய்ந்தார்கள். 196 இடங்களில் எண்கள் பிழையாக இருந்தன. ஆனால் வெவ்வேறு பிழைகள் 45 மட்டுமே, அதில் ஒரே பிழை 78 முறை வந்திருந்தது. ஒருவர் பட்டியலைப் பார்த்து அடுத்தவர் எழுதியதால் வந்த வினை. மேற்கோள் காட்டுவோரில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்தான் மூலத்தைப் படிக்கிறார் என்று அவர்கள் கணித்தார்கள். அது அன்றைய நிலை. இன்று செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டால், எழுதப்படாத கட்டுரைக்கே ஆசிரியர், ஆண்டு, பக்கம் எல்லாம் போட்டுத் தருகிறது. கமா, முற்றுப்புள்ளி, சாய்வெழுத்து அத்தனையும் சரியாக இருக்கும். கட்டுரை மட்டும் எந்த நூலகத்திலும் இருக்காது.

மூலம் கிடைக்கவில்லை என்ற சாக்கும் இனி பெரும்பாலோருக்கு இல்லை. 2024 நவம்பர் 25 அன்று மத்திய அமைச்சரவை ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறக்குறைய 13,000 ஜர்னல்கள், 6,300-க்கும் மேற்பட்ட அரசுக் கல்வி, ஆய்வு நிறுவனங்கள். விருதுநகரிலோ தர்மபுரியிலோ அரசுக் கல்லூரியில் படிக்கும் மாணவிக்கும் இந்தக் கதவு திறந்திருக்கிறது.

ஆகவே ஆராய்ச்சி செய்யும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். நடையைச் சரிசெய்யும் வேலையை மென்பொருளிடமே விட்டுவிடுங்கள். அதில் மிச்சமாகும் நேரத்தில், ஜர்னலுக்கு அனுப்பும் முன், பட்டியலில் உள்ள ஒவ்வொரு கட்டுரையையும் திறந்து, நீங்கள் சொன்னது அதில் உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.