இன்னும் ஈரம்: எடிசன் கராஜ் ஒன்றில் ஆறு மாதக் கள ஆய்வு

குயவர் வேலை என்பது சக்கரம் சுற்றுவதே எனக் கருதுவோர் உளர். சினிமாக்காரர்களும் பாடநூலுக்குப் படம் வரைவோரும் இக்கட்சியினர். இது பிழை என நிறுவுதல் இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வாளர் மானாமதுரைக்காரர்; ஓய்வுபெற்ற தமிழாசிரியர்; கடம் தட்டும் ஓசை கேட்டே வளர்ந்தவர். களம், நியூ ஜெர்சி மாநிலம் எடிசனில் மகள் வீட்டு கராஜ். காலம், சுற்றுலா விசாவில் வந்தவருக்கு அமெரிக்க அரசு மனமிரங்கித் தந்த ஆறு மாதம். (இனி ‘நான்’ என்றே எழுதுகிறேன். ‘ஆய்வாளர்’ என்று எழுதுவதை எட்டிப் பார்த்து மகள் சிரிக்கிறாள்.)

கராஜ் இரண்டு கார் கொள்ளும். ஆறு மாதத்தில் ஒரு காரும் உள்ளே நுழையக் கண்டிலேன். சக்கரம், மின்சூளை, அலமாரிகள், பெட்டி பெட்டியாகக் களிமண். ஜனவரிப் பனியில் மருமகன் வாசலில் நின்று கார்க் கண்ணாடியைச் சுரண்டும் ஓசையை, இக்கலைக்கு அக்குடும்பம் செலுத்தும் வரி எனக் கொள்க.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழு முதல் மாலை ஆறு வரை மடக்கு நாற்காலியில் அமர்ந்து, நோட்டும் கடிகாரமுமாகக் குறிப்பெடுத்தேன். சக்கரத்தின் முன் மகள் உட்கார்ந்தது ஐம்பது நிமிடம். மற்றபடி மண் பிசைந்தாள். காய்ந்த துண்டுகளை வாளியில் ஊறப்போட்டாள். தரையை ஈரத்துணியால் துடைத்தாள். துடைப்பம் அங்கே விலக்கு. மண்ணிலுள்ள சிலிக்கா தூசாகப் பறந்து நுரையீரலில் தங்கிவிடும் என்பது காரணம். விற்ற கோப்பைகளைக் காகிதம் சுற்றிப் பெட்டியில் அடைத்தாள். இவற்றுக்கு இடையிடையே அலமாரிக்குப் போய், பிளாஸ்டிக் கவரைத் தூக்கி, ஒரு விரலால் தொட்டுப் பார்த்து, மறுபடி மூடினாள். பதினேழு முறை.

“என்னம்மா பாக்குற?”

“ஈரம்ப்பா.”

ஆய்வு இங்கேதான் பிறந்தது. கோப்பையின் உடலும் கைப்பிடியும் ஒரே ஈரத்தில் இருந்தால்தான் ஒட்டும். உடல் காய்ந்து கைப்பிடி ஈரமாக இருந்தால், காயும்போது கைப்பிடி அதிகம் சுருங்கி ஒட்டிய இடத்தில் வெடிப்பு விடும். விளிம்பு முதலில் காயும், அடிப்பகுதி கடைசியில். ஆகவே விளிம்பை மூடி அடியைத் திறந்துவைக்க வேண்டும். பிறகு கவிழ்க்க வேண்டும். பிறகு முழுக்க மூட வேண்டும். காய்வது மிஞ்சினால் தெளிப்பானால் நீர் தூவ வேண்டும். வயலுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலும் என்று நம் உழவர் சொல்வார்களே, அதே கணக்கு. ஆங்கிலத்தில் இந்த நடுநிலைக்கு ‘லெதர் ஹார்டு’ என்று பெயராம். செருப்புக்கு ஆகும் சொல் அது. அதிரசத்துக்குப் பாகு பார்ப்பவர்கள் நாம். ‘பதம்’ என்ற ஒரு சொல் போதும்.

பதத்தைக் காப்பது கவர். கவர்களில் தர வரிசை உண்டு என்பது இவ்வாய்வின் முதல் கண்டுபிடிப்பு. தலையாயது லாண்டரியிலிருந்து சட்டையோடு வரும் மெல்லிய உறை; அது பாத்திரத்தோடு ஒட்டிக்கொண்டு ஈரத்தை விடாது. இடையாயது ரொட்டிப் பை, கோப்பைக்கு அளவெடுத்தது போலிருக்கும். கடையாயது காய்கறிக் கடைப் பை. எங்கோ ஓர் ஓட்டை இருந்தே தீரும். மருமகன் தம் சட்டைகளை வீட்டிலேயே துவைத்துக்கொள்ளத் தெரிந்தவர். ஆயினும் வாரந்தோறும் லாண்டரிக்குப் போடுகிறார். ஏன் என்று இப்போது விளங்கும்.

ஜூலையின் புழுக்கத்தில் ஒரு கோப்பை பதத்துக்கு வர மூன்று நாள் எடுக்கும். ஜனவரியில் ஹீட்டர் ஓடினால் ஒரே ராத்திரியில் எலும்பாகிவிடும். அதனால் அவள் அதிகாலை இரண்டு மணிக்கு எழுந்து கராஜுக்குப் போவதைப் பல இரவு கேட்டிருக்கிறேன். கைப்பிள்ளைக்காரி நடக்கும் நடை அது.

இனி முன்னோர் கருத்து. கடுவெளிச் சித்தர் பாடிய நந்தவனத்து ஆண்டி, ஒரு தோண்டிக்காகக் குயவனிடம் பத்து மாதம் வேண்டி நின்றான். பத்து மாதம் கருவிருக்கும் காலம், தோண்டி உடல், குயவன் இறைவன் என்று உரை சொல்வார்கள். வகுப்பில் நானும் அப்படியே சொல்லித்தான் ஓய்வு பெற்றேன். மகள் வீட்டில் இருந்தபின் அவ்வுரையைத் திரும்பப் பெறுகிறேன். பத்து மாதம் என்பது ஆர்டர் கொடுத்துப் பொருள் வாங்கும் டெலிவரி காலம். “ரெண்டுமே டெலிவரிதானப்பா” என்றாள் அவள். பாடபேதமாகச் சேர்த்துக்கொண்டேன்.

வள்ளுவரும் சூளை அறிந்தவரே. வஞ்சனையால் சேர்த்த பொருளைக் காப்பது, சுடாத மண்கலத்தில் நீர் ஊற்றி வைப்பது போன்றது என்பார் 660ஆம் குறளில். இதற்கு நேரடிச் சான்று என்னிடம் உண்டு. பிரஷர் மாத்திரை விழுங்க அலமாரியிலிருந்து ஒரு கோப்பையை எடுத்துத் தண்ணீர் பிடித்தேன். நன்கு காய்ந்தது, சுடாதது. மாத்திரையைத் தேடித் திரும்புவதற்குள் அடி கரைந்து சேறாகி மேசையில் வழிந்தது. மகள் ஒன்றும் சொல்லவில்லை. ஊறப்போடும் வாளியை மட்டும் என் பக்கம் நகர்த்தினாள்.

நிலத்தின் சான்றையும் பார்த்துவிடுவோம். எடிசனுக்குப் பக்கத்து உட்பிரிட்ஜ், சேயர்வில், பெர்த் அம்பாய் வட்டாரம் முழுக்கக் களிமண் பூமி. சேயர்வில்லில் 1850இலேயே செங்கல் நிறுவனம் தொடங்கிவிட்டது. நியூயார்க்கில் 1913இல் எழுந்த உல்வொர்த் கட்டடத்தின் மேனி, பெர்த் அம்பாயில் ஆலை வைத்திருந்த அட்லாண்டிக் டெரகோட்டா நிறுவனம் சுட்ட மண். தெற்கே டிரென்டனில் 1889இல் தொடங்கிய லெனாக்ஸ், 1918இல் வெள்ளை மாளிகைக்கே தட்டு செய்து கொடுத்தது. உட்பிரிட்ஜ் சென்டர் என்னும் பெரிய மால் நிற்பது பழைய களிமண் குழிகளின் மேல். நாம் இட்லி அரிசி வாங்கப் போகும் ஓக் ட்ரீ ரோட்டின் ஐஸ்லின் பகுதியும் உட்பிரிட்ஜ் நகராட்சிக்குள்தான். இப்படிப்பட்ட மண்ணில் குடியிருந்துகொண்டு என் மகள் இருபத்தைந்து பவுண்டு பைகளில் களிமண்ணைக் காசு கொடுத்து வாங்குகிறாள். திருநெல்வேலிக்கே அல்வா என்பது வேறென்ன?

இத்துறையின் ஆதாரபுருஷி தோஷிகோ தகாயெசு. 1922இல் ஹவாயில் ஜப்பானியப் பெற்றோருக்குப் பிறந்து, 1967 முதல் 1992 வரை பிரின்ஸ்டனில் கற்பித்து, இதே மாநிலத்துக் குவேக்கர்டவுனில் சூளை வைத்து வாழ்ந்தவர். அவருக்குப் பேர் வாங்கித் தந்த கலங்களுக்கு வாய் கிடையாது. உச்சியில் சின்ன முனை, அவ்வளவுதான். நீர் ஊற்ற முடியாது, நெல் கொட்ட முடியாது. மூடுமுன் ஒரு மண் உருண்டையைக் காகிதத்தில் சுற்றி உள்ளே போட்டுவிடுவார். சூளையில் காகிதம் எரிந்துபோகும். உருண்டை ஒட்டாமல் தனியே நிற்கும். எடுத்து அசைத்தால் கலகலக்கும். வெளியே தட்டினால் ஒலிப்பது எங்களூர்க் கடம்; உள்ளேயிருந்து ஒலிப்பது இவர் கலம். இரண்டையும் ஒரே மேடையில் வைக்க யாரும் முயலாதது வருத்தமே.

அவர் சூளைச் சூட்டில் காளானும் ஆப்பிளும் உலர்த்துவாராம். “அப்போ கூழ்வடாம்?” என்றேன். மகள் சூளை மூடியின் மேல் கையை வைத்துக்கொண்டாள். அதைப் பதிலாகப் பதிவு செய்தேன்.

சூளை ஏற்றும் நாளில் வீட்டில் யாரும் உரக்கப் பேசுவதில்லை. நூறு டிகிரி செல்சியஸ் தாண்டும்வரை மெல்ல மெல்ல ஏற வேண்டும். மண்ணுக்குள் ஒளிந்திருக்கும் ஈரம் சட்டென ஆவியானால் பாத்திரம் பட்டாசாகும். 573 டிகிரியில் மண்ணிலுள்ள குவார்ட்ஸ் திடீரென விரியும். ஆறும்போது அதே இடத்தில் சுருங்கும். மெருகு பூசிச் சுடும் சூடு 1,220 டிகிரியளவில் முடியும். பிறகு ஆற வேண்டும், ஒரு பகலும் இரவும். “விசில் அடங்காம குக்கரைத் திறக்காதேன்னு அம்மா எனக்குச் சொல்லும். நீங்க மூடியைத் தொடாதீங்கப்பா” என்றாள்.

பொங்கல் சமயத்தில் பானை கேட்டு வருவோர் தனி இயல். அவள் சுடும் பாத்திரம் கல்போல் இறுகியது. அடுப்பில் நேராக வைத்தால் ஒரு பக்கம் மட்டும் சூடேறி விரிசல் விடும். ஊர்ப் பானை கம்மிச் சூட்டில் வெந்தது, நுண்துளை கொண்டது, மணல் கலந்தது, தீயைத் தாங்கும். இதை ஒவ்வொருவருக்கும் விளக்குகிறாள். எல்லோரும் தலையாட்டிவிட்டு, “சும்மா ஒரு பொங்கு பொங்கினா போதும்ங்க” என்கிறார்கள்.

வந்த முதல் வாரமே காப்பி குடிக்க ஒரு டம்ளர் கேட்டிருந்தேன். ஆர்டர்களுக்கு நடுவே, ஐந்தாம் மாதக் கடைசியில் சக்கரத்தில் ஏற்றினாள். உழக்கு மாதிரி இருக்கிறதே என்றேன். காய்ந்து வெந்து முடிக்கையில் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு சுருங்கும், அப்போது சரியாக வரும் என்றாள். நியூவார்க் விமான நிலையத்துக்குப் புறப்பட்ட அன்று, மருமகன் பெட்டிகளை ஏற்றும் நேரத்தில் கராஜுக்குள் போனேன். லாண்டரி உறையைத் தூக்கி ஒரு விரலால் தொட்டேன்.

இன்னும் ஈரம். மூடிவிட்டு வந்தேன்.