இல்லாத மேனேஜர்

ஓ.எம்.ஆர். பக்கம் எந்த அடுக்குமாடிக் குடியிருப்பிலும் இவரைப் பார்க்கலாம். மேலே இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, கீழே அரை டிரவுசர். காலை 10 மணிக்கு லிஃப்டில் இறங்கி, தன் காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொள்வார். கார் மட்டும் கிளம்பாது. வீட்டில் குக்கர் விசில் அடிக்கும் என்பதால் ஹெச்.ஆர். அழைப்புகளையெல்லாம் நம்மவர் பார்க்கிங்கில்தான் வைத்துக்கொள்கிறார்.

கம்பெனி இவரை வேலையை விட்டு நீக்கிவிட்டது என்று சொன்னால் கோபித்துக்கொள்வார். அவர்கள் எங்கே நீக்கினார்கள்? ஒரு சின்ன அறைக்குக் கூப்பிட்டு, தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்து, "நீங்களே ராஜினாமா பண்ணிடுங்க, ரிலீவிங் லெட்டர் நல்லபடியா தந்துடறோம்" என்றார்கள். இவரும் பண்ணினார். ஆக, காகிதத்தில் இவர் தானே விரும்பி வெளியேறிய மனிதர்.

90 நாள் நோட்டீஸ் பீரியடை வேலையில் இருப்பவர்கள் கால் விலங்கு என்பார்கள். அது எப்பேர்ப்பட்ட நகை என்பது வேலை போனவருக்குத்தான் தெரியும். "எப்ப சார் ஜாயின் பண்ணுவீங்க?" என்ற கேள்விக்கு "நாளைக்கே" என்று சொல்லிப் பாருங்கள். எதிர்முனையில் ஒரு நொடி மௌனம். அந்த நொடியில் உங்கள் விலை இரண்டு லட்சம் இறங்கியிருக்கும். "மூணு மாசம் ஆகும்" என்றாலோ அடுத்த ஆளைக் கூப்பிடப் போய்விடுவார்கள்.

நம்மவர் நடுவில் ஒரு வழி கண்டுபிடித்தார்.

"நோட்டீஸ் இருக்குங்க மேடம். எங்க மேனேஜர்கிட்ட பேசிப் பார்க்கணும். கொஞ்சம் கறார் பேர்வழி."

"முப்பது நாள்ல முடியுமா சார்?"

"ஒரு பத்து நிமிஷம் டைம் குடுங்க, கேட்டுச் சொல்றேன்."

லிஃப்ட் ஏறி நேரே சமையலறைக்குப் போவார். மேனேஜர் அங்கே கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருப்பார்.

"என்னங்க, எவ்வளவு கேட்டீங்க?"

"முப்பது லட்சம் சொல்லலாமான்னு..."

"பழைய சம்பளம் இருபத்துநாலு. வீட்டு லோன் தவணை 5-ஆம் தேதி. இன்னிக்குத் தேதி என்ன?"

கறார் என்று நம்மவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

இவருடைய எதிர்பார்ப்பு தேதிக்குத் தேதி மாறும். 10-ஆம் தேதி வாக்கில் 32 லட்சத்துக்குக் குறைந்து பேசமாட்டார். 20-ஆம் தேதி 28. மாதக் கடைசியில் "பணம் முக்கியமில்லீங்க, ரோல்தான் முக்கியம்" என்பார். வங்கியிலிருந்து தவணைக் குறுஞ்செய்தி வந்த அன்று யாராவது அழைத்து 18 என்று சொல்லியிருந்தால், நன்றி சொல்லி வாங்கிக்கொண்டிருப்பார். நல்லவேளை, அன்று யாரும் அழைக்கவில்லை.

கடைசியில் 23 லட்சம் சி.டி.சி. (கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவு) என்று ஒரு ஆஃபர் வந்தது. சி.டி.சி. என்ற அந்த மூன்றெழுத்தைப் பிரித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது கல்யாணப் பந்தியில் போட்ட இலை மாதிரி. இலை பெரிசு, சாதம் நடுவில் கொஞ்சம். வேரியபிள் 3 லட்சம். கம்பெனிக்கு மனம் இருந்தால் வரும். முதலாளி கட்ட வேண்டிய பி.எஃப். 12 சதவீதமும் நம் கணக்கில்தான் எழுதியிருக்கும். கிராஜுவிட்டி என்று அடிப்படைச் சம்பளத்தில் 4.81 சதவீதம். வருஷத்துக்கு 15 நாள் சம்பளம், மாதத்துக்கு 26 வேலை நாள். 15-ஐ 26-ஆல் வகுத்து, மறுபடி 12-ஆல் வகுத்தால் வரும் எண் அது. ஐந்து வருஷம் இருந்தால்தான் அது கைக்கு வரும். ஐந்து வருஷம் இருக்க யார் விடுகிறார்கள் என்பது வேறு விஷயம்.

இந்தக் கணக்கையெல்லாம் காருக்குள் உட்கார்ந்து ஹெச்.ஆர். பெண்ணோடு போனில் உரக்கப் பேசித் தீர்த்தார். போன் ப்ளூடூத்தில் கார் ஸ்பீக்கரோடு இணைந்திருந்ததை மட்டும் கவனிக்கவில்லை. வெளியே வந்ததும் வாட்ச்மேன் சல்யூட் வைத்தார்.

"சார், ஃபிக்ஸட் ஓகே. ஜாயினிங் போனஸ் கேட்டீங்களா?"

கேட்டார். "மேனேஜர் ரிலீவ் பண்ண மாட்டேங்கறார், நோட்டீஸ் பணத்தை நான் கட்டித்தான் வரணும்" என்று ஒரு காரணமும் சேர்த்துச் சொன்னார். ஹெச்.ஆர். பெண் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "சார், பி.எஃப். பாஸ்புக் அனுப்பியிருந்தீங்க. கடைசியா பணம் கட்டி நாலு மாசம் ஆச்சு. வேலையை விட்ட தேதியும் சர்வீஸ் ஹிஸ்டரியில இருக்கு" என்றார்.

காருக்குள் ஏ.சி. ஓடியும் நம்மவருக்கு வேர்த்தது.

"பரவாயில்ல சார். போனஸ் ஒரு லட்சம் போட்டுத் தரேன். ஒரு வருஷத்துக்குள்ள விட்டுப் போனா திருப்பித் தரணும். உங்க மேனேஜர்கிட்ட கேட்டுட்டுச் சொல்லுங்க."

கேட்டார். கத்தரிக்காய் நறுக்கும் சத்தம் நின்றது. அனுமதி கிடைத்தது.

அடுத்த திங்கட்கிழமை முழு பேன்ட் போட்டு, காரைக் கிளப்பிக்கொண்டு போனார். ஆஃபர் லெட்டரில் எட்டுப் பக்கம். ஏழு பக்கத்துக்குச் சந்தேகம் கேட்டு மெயில் போட்டவர், எட்டாம் பக்கத்தில் ஒரு வரியை மட்டும் மறுபேச்சு இல்லாமல் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டிருக்கிறார்: நோட்டீஸ் பீரியட், 90 நாள்.