சிங்கம் வீட்டில் இல்லை

2025 அக்டோபர் தொடக்கத்தில் வண்டலூரில் ஒரு சிங்கம் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வரவில்லை. பெயர் ஷேர்யார். 2023-ல் நம் பெங்களூர் பக்கத்துப் பன்னேர்கட்டாவிலிருந்து சென்னைக்கு அனுப்பிவைத்த பிள்ளை. சஃபாரிக் காட்டில் திறந்துவிட்டார்கள், பொழுது சாய்ந்ததும் கொட்டகைக்குத் திரும்பிவிட வேண்டும் என்பது ஏற்பாடு, அது திரும்பவில்லை. ஊழியர்கள் குழு குழுவாகத் தேடினார்கள். உடல் சூட்டைக் கண்டுபிடிக்கும் கேமராவோடு ட்ரோன் பறந்தது. டிவியில் சிவப்புப் பட்டை ஓடியது. சிங்கம் சஃபாரியை விட்டு வெளியே போகவில்லை என்று பூங்காக்காரர்கள் சொல்லச் சொல்ல, சுற்றுவட்டாரத்தில் பயம்தான் கூடிற்று. கடைசியில் அது தானாகவே வந்து சேர்ந்தது. எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள். ஆனால் வண்டலூருக்கு அதைவிடப் பெரிய பாராட்டுப் பத்திரம் கிடைக்காது என்று ஒருவரும் சொல்லக் காணோம். ஆகவே கோலார் தங்கவயல் ஆண்டர்சன்பேட்டையிலிருந்து நான் சொல்லிவைக்கிறேன்: சிங்கம் ஒன்று உள்ளேயே தொலைந்துபோகிற அளவுக்கு இடம் விட்டிருக்கிறார்கள் என்றால், அது நல்ல பூங்கா.

மிருகக்காட்சி சாலை தேறுமா தேறாதா என்று பார்க்க நம்மிடம் இருப்பது ஒரே அளவுகோல்தான். எத்தனை மிருகத்தைப் பார்த்தோம்? திரும்பி வருகிற பஸ்ஸில் கணக்கு நடக்கும். புலி பார்த்தாச்சு. கரடி? அது தூங்கிச்சு, முதுகு மட்டும்தான். சிறுத்தை? மரந்தான் இருந்துச்சு. முதுகுக்கு அரை மார்க், மரத்துக்குச் சைபர். இந்தக் கணக்குப்படி போனால் உலகத்திலேயே உயர்ந்தது பழைய காலத்துக் கம்பிக் கூண்டுதான். புலிக்குத் திரும்பி நிற்கக்கூட இடம் இல்லாததால் முழு மார்க். சென்னையில் 1855-ல் எட்வர்ட் பால்ஃபர் எழும்பூர் மியூசியத்து வளாகத்தில் மிருகங்களைச் சேர்க்க ஆரம்பித்தார். சில வருஷத்தில் அவை சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்துப் பீப்பிள்ஸ் பார்க்குக்குக் குடிபோயின. சென்னைவாசிகள் மியூசியத்தைச் செத்த காலேஜ் என்றும் இதை உயிர் காலேஜ் என்றும் சொன்னார்கள். இரண்டு காலேஜிலும் பாடம் நகராமல் நின்றது. நூறு வருஷத்துக்கு மேல் ரயில் சத்தத்தையும், பிற்பாடு மூர் மார்க்கெட் இரைச்சலையும் கேட்டுவிட்டு, 1985-ல் உயிர் காலேஜ் வண்டலூர் காட்டுக்கு மாறியது. கம்பி போய் அகழி வந்தது. அன்றிலிருந்தே ‘ஒண்ணும் சரியாத் தெரியல’ என்ற புகாரும் கூடவே குடிவந்திருக்கும் என்பது என் துணிபு. என் கணக்கில் அந்தப் புகாருக்குத்தான் முழு மார்க்.

பத்திரிகைகளும் இதே அளவுகோலைத்தான் கையில் வைத்திருக்கின்றன. மிருகக்காட்சி சாலைச் செய்தி என்பது கிட்டத்தட்ட ஊர் விசேஷப் பத்தி மாதிரி: இன்னாருக்குக் குட்டி பிறந்தது, இன்னாருக்குப் பெயர் சூட்டினார்கள், இன்னாருக்கு ஜோடி வந்தது, இன்னார் வெளிநாடு போனார். 2025 ஜூலையில் பன்னேர்கட்டாவிலிருந்து சுரேஷ், கௌரி, ஸ்ருதி, துளசி என்ற நாலு யானைகள் ஜப்பானில் ஹிமேஜி பூங்காவுக்கு விமானம் ஏறின. பதிலுக்குச் சிவிங்கிப்புலி, ஜாகுவார், பூமா, சிம்பன்சி என்று ஒப்பந்தம். விமானம், பெட்டி, கூடப்போன பாகன், டாக்டர் எல்லாம் விவரமாக வந்தது. அங்கே அவை நிற்கப்போகிற இடம் எவ்வளவு, தரை மண்ணா சிமெண்டா என்பதைத்தான் தேட வேண்டியிருந்தது. பெண்ணைக் கட்டிக்கொடுக்கிறவர்கள்கூட மாப்பிள்ளை வீட்டில் எத்தனை ரூம் என்று கேட்காமல் விடுவதில்லை. பெயர் விஷயத்திலோ கோர்ட்டுக்கே போனோம். 2024-ல் திரிபுராவிலிருந்து மேற்கு வங்கத்துச் சிலிகுரி சஃபாரிக்கு அக்பர் என்ற சிங்கமும் சீதா என்ற பெண் சிங்கமும் வந்து சேர, விஸ்வ ஹிந்து பரிஷத் வழக்குப் போட்டது. கல்கத்தா உயர்நீதிமன்றம் விசாரித்தது. திரிபுராவில் பெரிய வன அதிகாரி ஒருவர் சஸ்பெண்ட் ஆனார். இத்தனையிலும் அந்த இரண்டுக்கும் சேர்த்து எத்தனை சதுர மீட்டர் என்று ஒரு மனுவிலாவது இருந்திருந்தால் நான் மெச்சியிருப்பேன்.

இத்தனைக்கும் அந்தக் கணக்கு ரகசியம் அல்ல. 1992-ல் வந்த மிருகக்காட்சி சாலை அங்கீகார விதிகளின் பின்னிணைப்பில் தெளிவாகப் போட்டிருந்தார்கள். புலி, சிங்கம் ஜோடிக்கு வெளியிடம் குறைந்தது 1000 சதுர மீட்டர். சிறுத்தை ஜோடிக்கு 500. நம்ம கோலார் மாவட்டக் கணக்கில் 1000 என்பது ஏறக்குறைய பத்து குண்டே. 30-க்கு 40 அடி சைட் ஒன்பதைச் சேர்த்தால் வரும். புலி உள்ளே வந்து சாப்பிடுகிற அறை மட்டும் 2.75 மீட்டர் நீளம், 1.80 அகலம், 3 உயரம். இதைப் படித்தால் தங்கவயல்காரனுக்குச் சிரிப்பு வரும், கொஞ்சம் வேறு ஏதோவும் வரும். பூமிக்குக் கீழே மூன்று கிலோமீட்டருக்கு மேல் இறக்கிவிட்ட சுரங்கக் கம்பெனி, மேலே வந்தால் படுக்கக் கொடுத்தது லைன் வீட்டில் ஒற்றை அறை. சாப்பாடு, படுக்கை, பிரசவம் எல்லாம் அதற்குள். புலிக்குச் சாப்பிட மட்டும் தனி அறை வேண்டும் என்று ஒரு சர்க்கார் யோசித்தது நல்லதுதான். பொறாமை இல்லை. நூறு வருஷம் முந்தி யோசித்திருந்தால் எங்களையும் அந்தப் பின்னிணைப்பில் சேர்க்கச் சொல்லியிருப்போம்.

சரி, டிக்கெட் வாங்கியவன் கதி என்ன என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி, அதைத் தாண்டிப் போகக் கூடாது. ஆண்டர்சன்பேட்டையிலிருந்து ஒரு குடும்பம் பன்னேர்கட்டா போவது சின்ன விஷயமா? விடியுமுன் எழுந்து, புளிச்சோறு கட்டி, மாரிக்குப்பம் ரயிலைப் பிடித்து, பெங்களூரில் இறங்கி, பஸ் மாறி, சஃபாரிக்கு வரிசையில் நின்று, கடைசியில் புதரைப் பார்த்துவிட்டு வருவதா? 2024 ஜூனில் அங்கே திறந்த சிறுத்தை சஃபாரி 20 ஹெக்டேர். பாறையும் மரமும் நிறைந்த அந்த இடத்தில் சிறுத்தை மனசு வைத்தால்தான் தரிசனம். நான் சொல்கிறேன், இதில் மோசடி எதுவும் இல்லை. திருப்பதியில் எட்டு மணி நேரம் நின்று ஒரு விநாடி பார்த்துவிட்டு வருகிறவன் பணத்தைத் திருப்பிக் கேட்டதில்லை. நாம் வாங்குவது சிறுத்தை இருக்கும் இடத்துக்குள் போய்வர அனுமதி; சிறுத்தையின் நேரத்தை அல்ல. கவுண்டரிலேயே இதை எழுதி ஒட்டிவிட்டால் பாதிச் சண்டை தீரும்.

பிள்ளைகளுக்குப் படிப்பு வேண்டாமா என்பது அடுத்தது. வேண்டும். பகல் பன்னிரண்டு மணிக்குக் கம்பிக்குப் பின்னால் எட்டு போட்டு நடக்கிற புலியைப் பார்த்து பிள்ளை படிப்பது, புலி என்றால் பகலில் எட்டு போடும் பிராணி என்பது. அது தப்புப் பாடம். புதருக்குள் கோடும் நிழலும் பிரிக்க முடியாமல் கிடக்கிற புலியைப் பத்து நிமிஷம் தேடித் தோற்ற பிள்ளைதான் மானின் நிலைமையைப் படிக்கிறது. நமக்கு இந்தப் பாடம் உள்ளூரிலேயே உண்டு. பங்காருபேட்டை தாலுகா காமசமுத்திரம் பக்கம் கேழ்வரகுக் கொல்லைக்கு யானைகள் வரும். அவற்றைப் பார்க்கக் கட்டணம் எதுவும் இல்லை. பார்க்காமல் வீடு போய்ச் சேர வேண்டும் என்றுதான் ஜனங்கள் வேண்டிக்கொள்கிறார்கள்.

கொஞ்சம் கனமான ஆட்சேபம் ஒன்று இருக்கிறது. கண்ணில் படாத மிருகம் நன்றாக இருக்கிறதா, நோயில் கிடக்கிறதா என்று யாருக்குத் தெரியும்? ஒளிந்துகொள்ள இடம் கொடுக்கிறேன் என்று அசட்டையை ஒளித்துவைக்கலாமே? ஆமாம், வைக்கலாம். ஆனால் 2021 மே கடைசியில் வண்டலூர்ச் சிங்கங்களுக்குப் பசியில்லை, இருமல் இருக்கிறது என்று கண்டுபிடித்தது பார்வையாளர் அல்ல. அது ஊரடங்குக் காலம். கண்டவர்கள் காப்பாளர்கள். மாதிரி போபாலுக்குப் போய் கோவிட் என்று திரும்பி வந்தது. ஜூனில் நீலா, பத்பநாதன் என்ற இரண்டு சிங்கங்கள் இறந்தன. மிருகத்தைத் தினம் பார்க்க வேண்டிய கண்கள் காப்பாளருடையவையும் மருத்துவருடையவையும்தான். அவர்கள் பார்த்ததை நமக்கு எழுத்தில் சொல்லட்டும். அதற்காக ஆயிரம் பேர் கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

மிருகக்காட்சி சாலையிலேயே பிறந்ததற்குக் கூட்டமெல்லாம் பழகிப்போயிருக்கும் என்பவர்களுக்கு ஒரு ஜெர்மன்காரரைக் காட்டுகிறேன். கம்பி வேண்டாம், அகழி போதும் என்று 1907-ல் ஹாம்பர்க் பக்கத்தில் முதலில் செய்துகாட்டிய கார்ல் ஹாகன்பெக், அதற்கு இருபது வருஷத்துக்கும் மேல் முன்னால் இலங்கையிலிருந்து யானைகளோடு மனிதர்களையும் கூட்டிப்போய் ஐரோப்பாவில் டிக்கெட் போட்டுக் காட்டியவர். அவர்களுக்கும் பழகிப்போயிருக்கும் என்றுதான் அன்றைக்கும் யாராவது சொல்லியிருப்பார்கள். எங்கள் ஊருக்கு இது வேறு தினுசில் தெரியும். 2001-ல் சுரங்கம் மூடியபோது எட்டிப் பார்த்தவர்கள் கொஞ்சம். 2018-ல் ‘கே.ஜி.எஃப்.’ படம் வந்தது. அதிலிருந்து சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டில் செல்ஃபி, லைன் வீட்டு வாசலில் வீடியோ, படத்து நாயகன் ராக்கி பாய் வீடு எது என்று விசாரணை. தண்ணிக் குடத்தோடு போகிற பாட்டியையும் ஒரு ஃப்ரேமில் சேர்த்துக்கொள்கிறார்கள். ஏழு வருஷமாகியும் பாட்டிக்குப் பழகவில்லை. கதவைச் சாத்திக்கொள்கிறாள். சாத்த ஒரு கதவு இருக்கிறது என்பதுதான் அவளுக்கும் பழைய கூண்டுப் புலிக்கும் வித்தியாசம்.

அதனால் பத்திரிகைக்காரர்களுக்கு ஒரு விண்ணப்பம். 2021-ல் ஜெர்மனியிலிருந்து மைசூருக்குத் தாபோ, தெம்பா என்ற இரண்டு கொரில்லாக்கள் வந்தபோது, அவற்றுக்குக் கட்டிய வீட்டைப் பற்றியும் அதற்கு இன்ஃபோசிஸ் ஃபவுண்டேஷன் பணம் கொடுத்ததைப் பற்றியும் எழுதினீர்கள். அதேபோல எல்லாவற்றுக்கும் எழுதுங்கள். குட்டிக்குப் பெயர் சூட்டியது கடைசி வரியில் வரட்டும். முதல் வரியில் இடம், நிழல், தண்ணீர், ஒளிந்துகொள்ள மறைவு. பார்க்கப் போகிறவர்களுக்கும் ஒன்று: வனவிலங்குச் சட்டம் 38ஜே பிரிவின்படி கத்தி இரைச்சல் போட்டு மிருகத்தைத் தொந்தரவு செய்வது குற்றம், ‘ஏய் புலி, இங்கே பாரு’ என்பதும் அதில் சேரும். போகிற நாளையும் பார்த்து வையுங்கள். பன்னேர்கட்டா, மைசூரு, வண்டலூர் மூன்றுக்கும் செவ்வாய்க்கிழமை விடுமுறை. அன்றைக்குப் போனால் கேட்டைத்தான் பார்க்கலாம்.