ஃபேனை நிறுத்துங்க சார்

மீன்தொட்டி வைத்திருப்பவர் வீட்டுக்குப் போனால் மீனைக் காட்டுவார் என்று நம்பிப் போகாதீர்கள். மீனைக் காட்டுகிறவர் தொட்டி வாங்கிய புதிதில் இருப்பவர். வாங்கி ஒரு வருஷம் தாண்டியவர் மோட்டார் சத்தத்தைத்தான் காட்டுவார். அதாவது, சத்தம் இல்லாததைக் காட்டுவார்.

"ஒரு நிமிஷம் சார்" என்று எழுந்து ஃபேனை நிறுத்துவார். சென்னையில், மே மாதத்தில். டி.வி. நிற்கும். அடுப்படியில் குக்கர் மூன்றாவது விசிலுக்கு முக்கிக்கொண்டிருக்கும். "அடுப்பை அணை" என்று உத்தரவு போகும். பேரப்பிள்ளை விளையாட்டுக் காரைக் கையில் தூக்கிக்கொண்டு அசையாமல் நிற்கும். பாவம், பழகிவிட்டது. வந்தவர் நெற்றியில் வேர்வை ஊற ஆரம்பித்த பிறகு, ரகசியக் குரலில் கேட்பார்:

"கேக்குதா?"

எந்தப் பதிலும் நம்மைக் காப்பாற்றாது. "இல்லையே" என்றால் முகம் வாடிவிடும். "நல்லா கேளுங்க சார், அடியில லேசா ஒரு ம்ம்ம்..." என்று தாமே பாடிக் காட்டுவார். "கேக்குது" என்றால் தொலைந்தோம். "நான் சொன்னேனா இல்லையா!" என்று அடுப்படிப் பக்கம் திரும்பி ஒரு குரல் கொடுத்துவிட்டு, நம்மைத் தரையில் உட்கார்த்தி, ஸ்டாண்டுப் பலகையில் காதை வைக்கச் சொல்வார். அப்புறம் உள்ளங்கையைக் கண்ணாடியில். அப்புறம் பைப்பில் ஒற்றை விரல். கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர், எல்.ஐ.சி. ஏஜென்ட், கேஸ் சிலிண்டர் கொண்டுவந்த பையன், யாருக்கும் விலக்கு இல்லை. எனக்குத் தெரிந்த ஒருவர் தாம்பாளத்தோடு வந்த சம்பந்தி அம்மாளையே காது வைக்கச் சொன்னார். அந்த அம்மாளும் வைத்தார்.

விளக்கம் அடுத்து வரும். மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் காந்தம் இரண்டு முறை இழுக்கிறது. ஆக மோட்டாரின் இரும்பு வினாடிக்கு 100 தடவை நடுங்குகிறது. அந்த நடுக்கம் தண்ணீருக்குள்ளேயே கிடந்தால் யாருக்கும் தெரியாது. விறைப்பான பிவிசி பைப்பை மோட்டாரில் நேராகச் செருகி, பைப்பை ஸ்டாண்டில் கிளாம்ப் அடித்துவிட்டால், நடுக்கம் பைப்பைப் பிடித்து ஏறிப் பலகைக்குப் போய்விடும். உள்ளே காலியாக இருக்கிற பிளைவுட் பெட்டி வீணைக் குடத்தின் வேலையைச் செய்ய ஆரம்பிக்கும். எனவே மோட்டாருக்கும் பைப்புக்கும் நடுவே ஒரு சாண் சிலிக்கான் ஓஸ். அதை விறைக்க இழுத்து மாட்டினால் பிவிசிக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. மடிய விட்டால் தண்ணீர் ஏறாது. தொளதொளவென்று ஒரு வளைவு இருக்கவேண்டும். ஓஸ் கண்ணாடியைத் தொடக்கூடாது, பலகையைத் தொடக்கூடாது. மோட்டாருக்கு அடியில் ஸ்பாஞ்ச். அப்படியும் இரைந்தால் இம்பெல்லரைக் கழற்றி வினிகரில் ஊறப்போடவேண்டும். போர் தண்ணீரின் உப்பு அதில் படிந்திருக்கும்.

இதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. அதனால்தான் வாதாடவும் முடியவில்லை.

இவ்வளவு தெரிந்தவருக்கு வேலை ஒரே நாளில் முடிந்திருக்கவேண்டாமா? முடியாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கொளத்தூர் மீன் கடைகளுக்குப் போய், போன வாரத்து ஓஸைவிட ஒரு சுற்று மெத்தென்று இருக்கிற ஓஸ் வாங்கி வருவார். மத்தியானம், ஊரே சாப்பிட்டுக் கண்ணயரும் நேரத்தில், பைப் அறுப்பார். எல்போவைச் சுத்தியலால் தட்டிக் கழற்றுவார். பலகையில் துளை போடுவார். மோட்டார் ஒரு மாதத்தில் போடாத சத்தத்தை அவர் ஒரு மத்தியானத்தில் போட்டு முடிப்பார். சாயங்காலம் ஃபேன் நிற்கும்.

மீன்களா? இருக்கின்றன.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். ஒரு ராத்திரி கரண்ட் போய், இன்வெர்ட்டரும் ஓய்ந்துவிட்டது. மெழுகுவர்த்தி கேட்க அவர் வீட்டுக்குப் போனேன். மனிதர் முக்காலி போட்டு உட்கார்ந்து, சொம்பால் தொட்டித் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து திரும்ப ஊற்றிக்கொண்டிருந்தார். மீனுக்குக் காற்று வேண்டுமே! கரண்ட் வரும்வரை ஊற்றியிருக்கிறார். அவரிடம் கோபப்பட எனக்கு மனசு வராமல் போனதற்கு அந்தச் சொம்புதான் காரணம்.

போன மாதம் வரை.

அவர்தான் எங்கள் அடுக்குமாடிச் சங்கத்துச் செயலாளர். கீழே சம்பிலிருந்து மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் இருக்கிறது. சிமென்ட் மேடையில் நேராக போல்ட் போட்டு முறுக்கியிருக்கிறார்கள். அடியில் ஒரு துண்டு ரப்பர் கிடையாது. அதன் வாயிலிருந்து இரும்புப் பைப் புறப்பட்டு, அடிக்கு அடி கிளாம்ப் அடித்து, என் படுக்கையறைச் சுவர் வழியாக மூன்று மாடி ஏறுகிறது. விடிகாலை ஐந்து மணிக்கு ஸ்விட்சைப் போட்டால் சுவர் உறுமுகிறது, பீரோ கண்ணாடி கிடுகிடுக்கிறது, என் மாமியார் எழுந்து உட்கார்ந்து யாரையோ திட்டுகிறார். ஒரு ரப்பர் ஜாயின்ட் கேட்டேன். செயலாளர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"மோட்டார்னா சத்தம் வரத்தான் சார் செய்யும்."

இந்தப் பதிலுக்குப் பிறகு நகைச்சுவைக்கு இடமில்லை. இவருக்கு வைத்தியம் தெரியாமல் இல்லை. வியாதி தன் வீட்டுக்குள் இருந்தால்தான் வைத்தியம் செய்வார். ஒரு முழத்துக்குமேல் கேட்காத ரீங்காரத்துக்கு வாரா வாரம் ஓஸ் மாற்றுகிறவர், நான்கு வீட்டை எழுப்புகிற இரைச்சலை இயற்கை என்கிறார்.

செயலாளர் ஐயா, டெலிவரி பைப்பில் ஒரு ரப்பர் ஜாயின்ட், கிளாம்புக்குள் ரப்பர் பட்டை, மோட்டாருக்கு அடியில் நாலு ரப்பர் பேட். பிளம்பர் கூலியோடு சேர்த்துச் செலவை நானே தருகிறேன். பராமரிப்புத் தொகையில் கழிக்கக்கூட வேண்டாம். மாட்டினால் போதும்.