ஆட்ரி அம்மையாரின் கழுத்து

ஆங்கிலத்தில் ஒருவருடைய அலங்காரத்தை 'டாட்ரி' என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் திட்ட வேண்டியதில்லை. மலிவு, மினுக்கு, ரசனைக்கேடு எல்லாம் அதற்குள் அடக்கம். இத்தனை வசவுக்கும் பெயர் கொடுத்தவரோ ஒரு துறவி. ஏழாம் நூற்றாண்டில் கிழக்கு ஆங்கிலியாவை ஆண்ட அன்னாவின் (ஆண்தான், சந்தேகம் வேண்டாம்) மகள் எத்தல்த்ரித். இரண்டு கல்யாணம் செய்தும் கன்னியாகவே இருந்தவர். இரண்டாவது கணவரான நார்த்தம்பிரியா அரசர் எக்ஃப்ரித், ராணியின் மனத்தை மாற்றிக் கொடுத்தால் நிலமும் பணமும் தருவதாகப் பிஷப் வில்ஃப்ரிடுக்கு ஆசை காட்டினார் என்று 731இல் முடித்த தம் வரலாற்று நூலில் துறவி பீட் எழுதியிருக்கிறார். பேரம் படியவில்லை. ராணி ஈலி என்ற ஊருக்குப் போய் மடம் அமைத்துக்கொண்டார். 679இல் கழுத்தில் கட்டி வந்து இறந்தார். சிறுவயதில் வீண் பெருமைக்காக அணிந்த மாலைகளுக்கு இது தகுந்த தண்டனை என்று கட்டியை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டாராம்.

பக்தர்கள் அவர் பெயரை ஆட்ரி என்று சுருக்கினார்கள். அக்டோபர் 17 திருநாளை ஒட்டி ஈலியில் சந்தை கூடியது. மாலையைப் பாவம் என்றவரின் சந்தையில் சூடாக விற்ற சரக்கு, பெண்கள் கழுத்தில் கட்டும் பட்டு நாடா! 'செயின்ட் ஆட்ரி லேஸ்' என்று வேகமாகச் சொன்னதில் செயின்ட்டின் கடைசி எழுத்து ஆட்ரியின் தலையில் ஏறி 'டாட்ரி லேஸ்' ஆயிற்று. லண்டனில் புனித ஓலாவ் பெயரிலிருந்த தெருவும் இப்படித்தான் டூலி தெரு ஆனது. அப்போதும் டாட்ரி என்பது வசவு இல்லை. 1579இல் கவிஞர் ஸ்பென்சர், எலிசபெத் ராணியைப் புகழும் பாட்டொன்றில் ஆயர் மகளிரை இந்த நாடாவைக் கட்டி அழகுபடுத்திக்கொள்ளச் சொல்கிறார். ஷேக்ஸ்பியரின் 'வின்டர்ஸ் டேல்' நாடகத்தில் ஓர் ஆயர் பெண், வாங்கித் தருவதாகச் சொன்ன நாடா எங்கே என்று காதலனைப் பிடுங்குகிறாள். பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கு வந்தால் நாடா உதிர்ந்துபோய் இளக்காரம் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

சரக்கு கெட்டுப்போனது, அதனால் சொல்லும் கெட்டது என்பார்கள். சந்தைச் சரக்கின் தரத்துக்கு நான் ஜாமீன் நிற்க மாட்டேன். ஆனால் தையல் விட்ட செருப்பையும் ஒழுகும் வாளியையும் யாரும் டாட்ரி என்பதில்லையே! பணக்காரப் பொருள்போலத் தோன்ற ஆசைப்படும் மலிவுப் பொருளுக்கே அந்தப் பட்டம். இல்லை, புனிதர்களை வெறுத்த புராட்டஸ்டன்ட் சமயம்தான் காரணம் என்று இன்னொரு கட்சி. ஈலியில் அம்மையாரின் சமாதி இடிக்கப்பட்டது 1541இல். அதற்கு ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் கழித்து, அழுத்தமான புராட்டஸ்டன்டான ஸ்பென்சரே அந்த நாடாவைச் சிபாரிசு செய்திருக்கிறாரே, அதற்கு என்ன சொல்வது?

என் சந்தேகம் வேறு இடத்தில். யார் பட்டு உடுத்தலாம், யார் வெல்வெட் போடலாம் என்று அந்தஸ்து பார்த்து விதிக்கும் சட்டங்கள் இங்கிலாந்தில் நெடுங்காலம் இருந்தன. எலிசபெத் ராணி அவற்றை வலியுறுத்தி ஆணைமேல் ஆணை போட்டார். 1604இல் அந்தச் சட்டங்கள் ரத்தாயின. இனிப் பண்ணையாள் மகள் பட்டு நாடா கட்டினால் அபராதம் போட வழியில்லை, முகம் சுளிக்கத்தான் முடியும். சட்டம் விட்டுப்போன வேலையை அந்த நூற்றாண்டிலேயே ஒரு பெயரடை சம்பளமில்லாமல் எடுத்துக்கொண்டது என்றே நினைக்கிறேன். சட்டத்திலாவது என்ன குற்றம் என்று எழுதியிருக்கும். சொல்லில் அதுவும் கிடையாது, கட்டியிருப்பவளைப் பார்த்துத்தான் தீர்ப்பு. 1961இல் வந்த படத்தில் கழுத்து நிறைய முத்துச்சரங்களோடு நியூயார்க் நகைக்கடை வாசலில் ஒரு நடிகை நின்றார். அது நேர்த்தியின் இலக்கணம் என்று உலகமே கொண்டாடியது. அவர் பெயர் ஆட்ரி ஹெப்பர்ன்.