இடுப்புக் குழந்தையின் மேல் ஒரு குற்றப்பத்திரிகை

எங்கள் தறி ஊரான சோமனூரில் கணக்கு தப்பாது. ஜவுளிக்காரரிடமிருந்து பாவு வந்து இறங்கும்போது ஓர் எடை, நெய்த துணி திரும்பிப் போகும்போது ஓர் எடை. நடுவில் குறைந்தால் கூலியில் பிடித்துவிடுவார்கள். தறிக்கு அடியில் கிடக்கும் கழிவு நூலைக்கூடக் கூட்டி அள்ளி, மூட்டை கட்டி, எடைபோட்டு விற்கிறோம். அது ஓ.இ. (ஓப்பன் எண்ட்) மில்லுக்குப் போய் மறுபடியும் நூலாகி வருகிறது. அதனால் இரண்டு நாடுகள் சேர்ந்து மனிதர்களை வைத்துப் போட்ட கணக்கு ஒன்று பேக்கரியில் பேச்சாக வந்தபோது, டீ குடித்துக்கொண்டிருந்தவர்களுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது.

1964 அக்டோபர் 30. லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் பாகம் பிரித்த நாள். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் நாடற்றவர்களாக நின்ற தமிழர்கள் 9,75,000 பேர். தலைமுறை தலைமுறையாக அங்கே கொழுந்து பறித்தவர்களை நாடற்றவர்களாக்கியது 1948-ஆம் ஆண்டு இலங்கைக் குடியுரிமைச் சட்டம். அந்த 9,75,000 பேரில் 5,25,000 பேர் உனக்கு, 3,00,000 பேர் எனக்கு, மிச்சம் 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவானது. ஏழு பேரை நீ கூட்டிப்போனால் நாலு பேருக்கு நான் குடியுரிமை தருகிறேன் என்று விகிதமும் எழுதிக்கொண்டார்கள். பத்து வருடம் கழித்து, அந்த மிச்சத்தையும் இந்திரா காந்தி காலத்தில் ஆளுக்குப் பாதி என்று 75,000, 75,000 ஆகப் பிரித்தார்கள். நாற்பதாம் நம்பர் நூலையும் இருபதாம் நம்பர் நூலையும் நாங்கள் ஒரே மூட்டையில் கட்டமாட்டோம். டெல்லியில் மனிதர்களை அப்படிக் கட்டினார்கள். மலையகத் தலைவர்களிடம்கூட யாரும் கேட்கவில்லை. அப்புறம் எங்கே லயத்து வாசலில் விளையாடிய குழந்தையிடம் கேட்பது?

அந்தக் குழந்தை இலங்கையின் ஹட்டன் பக்கம் பிறந்தது. தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கியது. அதற்குச் சர்க்கார் வைத்த பெயர் ‘தாயகம் திரும்பியோர்’. ஒரு நாள்கூடப் பார்த்திராத ஊருக்குத் ‘திரும்பி’ வந்த பிள்ளைகள்! அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்க 1968-இல் நீலகிரியில் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டம்தான் இன்றைய டேன்டீ. அங்கே கொழுந்து பறித்தவர்கள் இங்கேயும் கொழுந்து பறித்தார்கள். மலைதான் மாறியது.

அவர்கள் பாக்கியசாலிகள். கையில் ஒரு தாளாவது இருந்தது. 1983 கலவரத்துக்குப் பிறகும் 1990 போருக்குப் பிறகும் கடலில் தப்பி வந்த குழந்தைகளின் கதை வேறு. சோமனூரிலிருந்து இரண்டு பஸ் மாறினால் பூலுவப்பட்டி முகாம். இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனால் ஆழியாறு. ஈரோட்டுப் பக்கம் அறச்சலூர், பவானிசாகர். மூன்று வயதில் அம்மாவின் இடுப்பில் வந்தவர்கள் இன்று நரைத்த தலையோடு பெயின்ட் வேலைக்குப் போகிறார்கள். அவர்கள் மேல் இந்தியக் குடியரசு வைத்திருக்கும் குற்றப்பத்திரிகையைப் பார்ப்போம்.

முதல் குற்றம்: செல்லத்தக்க கடவுச்சீட்டும் விசாவும் இல்லாமல் நாட்டுக்குள் நுழைந்தது. 2003-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அப்படி நுழைந்த அயல்நாட்டார் ‘சட்டவிரோதக் குடியேறி’. அவர் எத்தனை ஆண்டு இங்கே வாழ்ந்தாலும் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் கதவு மூடியே இருக்கும். குண்டு விழுந்த இரவில் அந்தக் குழந்தை பாஸ்போர்ட் அலுவலகத்துக்குப் போய் டோக்கன் வாங்கியிருக்க வேண்டாமா? தனுஷ்கோடி மணல்திட்டில் இறக்கிவிட்டதும் பாலுக்கு அழுததாம். விண்ணப்பப் படிவத்துக்கு அழுதிருக்க வேண்டும்.

இரண்டாம் குற்றம்: அதன் தம்பி தங்கைகள் தப்பான தேதியில் பிறந்தது. 1987 ஜூன் 30-ஆம் தேதி வரை இந்திய மண்ணில் பிறந்தால் பிறப்பாலேயே குடிமகன். விடிந்து ஜூலை 1 என்றால், பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் பிறந்தால், ஒருவர் இந்தியராக இருந்தும் போதாது, மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கவும் கூடாது. ஆகவே முகாமில் கர்ப்பமான பெண்கள் வலி எடுத்தால் முதலில் காலண்டரைப் பார்க்க வேண்டும், மருத்துவச்சியை அப்புறம் கூப்பிடலாம். சரியான தேதியில் பிறந்தால் மட்டும் என்ன வாழ்ந்தது? 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குக் கடவுச்சீட்டு கிடைக்க உயர் நீதிமன்றம் வரை போகவேண்டியிருந்தது. அவர் முதல் ஓட்டுப் போட்டது 2024-இல்.

மூன்றாம் குற்றம், இது இலங்கை எழுதிச் சேர்த்தது: சரி, உங்கள் சங்காத்தமே வேண்டாம், பிறந்த ஊருக்கே போகிறேன் என்று நினைத்தது. 2025 மே மாதம், ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் ஏற்பாட்டில் தமிழ்நாட்டிலிருந்து திரும்பிய ஒரு முதியவர் யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்தில் கைதானார். அந்தக் காலத்தில் ஆவணம் இல்லாமல் நாட்டை விட்டுப் போனாராம். எதிர்ப்புக் கிளம்பியபிறகுதான் அந்த நாட்டு அமைச்சர்களுக்கு வெட்கம் வந்தது. அங்கிருந்து புறப்பட்டது அங்கே குற்றம், இங்கே வந்து சேர்ந்தது இங்கே குற்றம். சட்டப்படி வாழ வேண்டுமென்றால் நடுக்கடலில் படகிலேயே குடும்பம் நடத்தியிருக்க வேண்டும்.

இப்போது எங்கள் ஊர்க் கதைக்கு வருகிறேன். பேரனுக்கு அமெரிக்காவில் கிரீன் கார்டு. இங்கே தாத்தா பாட்டியோடு கொஞ்ச காலம் இருக்கட்டும் என்று அனுப்புகிறார்கள். ஒரு வருடம் தாண்டிவிடுகிறது. உடனே கார்டு போய்விடுமோ என்று வீடே அல்லோலகல்லோலம். ‘பச்சைக் குழந்தைங்க, அதுக்கு என்னங்க தெரியும்? பெரியவங்க பண்ணுனதுக்குக் குழந்தை கார்டை எடுப்பாங்களா?’ நியாயமான கேள்வி. அமெரிக்கச் சட்டமும் பெற்றோர் கைவிட்டதைக் குழந்தை தலையில்தான் எழுதும். ஆனாலும் தன் கட்டுப்பாட்டை மீறிய காரணத்தால் திரும்ப முடியாமல் போனவருக்கு ‘திரும்பி வரும் குடியிருப்பாளர்’ என்று தனி விசா ஒன்றை அங்கே வைத்திருக்கிறார்கள். இதே கேள்வியைப் பூலுவப்பட்டிக் குழந்தைக்காக எங்கள் தெருவில் யாரும் கேட்டு நான் கேட்டதில்லை. அமெரிக்கக் குடிமகனாகவே பிறந்த கொள்ளுப்பேரனுக்கு இந்தியா ஆயுள் முழுக்கச் செல்லும் ஓ.சி.ஐ. அட்டை கொடுத்து வரவேற்கிறது. தமிழ்நாட்டிலிருந்து இலங்கைத் தோட்டத்துக்குக் கங்காணி கூட்டிப்போனவரின் கொள்ளுப்பேரன் முகாமில் இருக்கிறான். அவனுக்கு அந்த அட்டை கிடையாது. அதற்கு அயல்நாட்டுக் கடவுச்சீட்டு வேண்டும். அது இருந்தால் அவன் ஏன் முகாமில் கிடக்கிறான்?

வெள்ளைக்காரனும் இதைச் செய்தான். கரீபியத் தீவுகளிலிருந்து பெற்றோரின் கடவுச்சீட்டில் பிரிட்டனுக்கு வந்த பிள்ளைகளிடம், அரை நூற்றாண்டு கழித்து ‘எப்போது வந்தாய், காட்டு’ என்று கேட்டார்கள். வந்த தேதி எழுதிய தரையிறங்கல் அட்டைகளை உள்துறை அலுவலகமே 2010-இல் அழித்திருந்தது. 2018-இல் குட்டு உடைந்தது. உள்துறை அமைச்சர் பதவி விலகினார், பிரதமர் மன்னிப்புக் கேட்டார். மன்னிப்பு என்பதும் இறக்குமதிச் சரக்குத்தான் போலிருக்கிறது. இங்கே இன்னும் வந்து இறங்கவில்லை.

இங்கே நடந்தது என்ன? 2019 ஜூனில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, மலையக வம்சாவளியினர் 65 பேரின் விண்ணப்பங்களை மத்திய அரசு 16 வாரத்தில் பரிசீலித்து முடிவெடுக்கட்டும் என்றது. அதே ஆண்டு டிசம்பரில் மத்திய அரசு புதிய குடியுரிமைத் திருத்தம் கொண்டுவந்தது. ஆவணமின்றி வந்தவர்களுக்கும் கதவு திறந்தது. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றுக்கு மட்டும். வந்தவர் என்ன மதம், இந்துவா என்று பார்த்தார்கள். முகாமில் இருக்கும் இந்துவைப் பார்க்க மட்டும் கண் தெரியவில்லை. மாநிலங்களவையில் ஆதரவு 125, எதிர்ப்பு 105. ஆதரித்ததில் 11 ஓட்டு அ.தி.மு.க.வுடையது. அந்த 11-ஐ இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் மாற்றி வைத்துக் கூட்டிப் பாருங்கள். பாவுக் கணக்குத் தெரிந்தவர்களுக்கு விரல் விடவே தேவையில்லை. கொங்கு நாட்டைத் தங்கள் கோட்டை என்று மார்தட்டுகிறவர்கள், அந்தக் கோட்டைக்குள்ளேயே முகாம்கள் இருப்பதை மறந்துவிட்டார்கள்.

2021-இல் வந்த தி.மு.க. அரசு வீடு கட்டிக் கொடுத்தது, உதவித்தொகையைக் கூட்டியது. இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். கூடவே ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியது. வந்தாரை வாழவைக்கும் தமிழகத்தில் பலகைக்கு மறுவாழ்வு கிடைத்தது.

2025 மே மாதம், சிறைத்தண்டனை பெற்ற ஓர் இலங்கைத் தமிழரின் வழக்கில், இந்தியா தர்மசத்திரம் அல்ல என்று உச்ச நீதிமன்றம் வாய்மொழியாகச் சொன்னது. சத்திரத்தில் மூன்று நாள் தங்கலாம். இவர்கள் முப்பத்தைந்து வருடம் தங்கிவிட்டார்கள். அதே ஆண்டு செப்டம்பரில், 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்டவர்களைக் கடவுச்சீட்டு இல்லாத குற்றத்துக்காகத் தண்டிக்கமாட்டோம் என்று மத்திய அரசு ஆணை போட்டது. இடுப்பில் வந்த குழந்தையை இனி ஜெயிலில் போடமாட்டார்களாம். கருணைக்கும் ஓர் அளவு வேண்டாமா?

முகாமில் கணக்கெடுப்பு நாள் என்று ஒன்று உண்டு. அன்றைக்கு வேலைக்குப் போக முடியாது. அன்றாடக் கூலியை விட்டுவிட்டு அதிகாரியின் முன்னால் நின்று, ஆள் இருக்கிறேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். அப்பன் போட்டான், மகன் போடுகிறான், பேரனும் போடப்போகிறான். ஒருவன் இந்த மண்ணில் தொடர்ந்து வாழ்ந்தான் என்பதற்கு இதைவிடக் கெட்டியான சாட்சி எந்தக் கிரீன் கார்டுக்காரனிடமும் இருக்காது. அந்தக் கையெழுத்தை வாங்கிப் பூட்டி வைத்திருப்பதும் சர்க்கார்தான், ‘உன்னிடம் என்ன ஆதாரம் இருக்கிறது?’ என்று கேட்பதும் சர்க்கார்தான்.

பேக்கரியில் கடைசியாக எழுந்த பெரியவர், டம்ளரை வைத்துவிட்டுச் சொன்னார்: “அந்த நோட்டைத் தொறந்து பாக்கச் சொல்லுங்க சாமி. நாம கழிவு நூலுக்கே பில் போட்டுத்தானுங்களே குடுக்கறோம்.”